வீடிழந்தவர்களின் கலைக்களஞ்சியம்

அன்புள்ள ஐயா,

பள்ளிப் பாடநூல்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வந்தது. ‘உலகத்து அறிவையெல்லாம் ஒன்றாக்கிவிட வாழ்நாள் முழுக்கப் பாடுபட்ட கொமேனியஸ், கடைசியில் குழந்தைகளுக்கான ஒரு படப்புத்தகத்தால்தான் நினைக்கப்படுகிறார்’ என்று. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தேடிப் படித்தேன். அவர் ஒருவர் மட்டும் இல்லை போலிருக்கிறது. பேக்கன், ஆல்ஸ்டெட், வில்கின்ஸ், லைப்னிட்ஸ் என்று பதினேழாம் நூற்றாண்டில் ஒரு பட்டாளமே எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் அடுக்கப் பார்த்திருக்கிறது. ஒருவரும் நினைத்ததை முடிக்கவில்லை.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் பயம். ஏனென்றால் நானும் அந்த ரகம்தான். போட்டித் தேர்வுக்கு நான்கு வருடம் படித்தபோது பிடித்துக்கொண்ட பழக்கம். சோழர் காலத்து ஏரி முதல் கருந்துளை வரை குறிப்பெடுப்பேன். வேலை கிடைத்து ஆறு வருடம் ஆகிறது, குறிப்பெடுப்பது மட்டும் நிற்கவில்லை. போனில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் குறிப்புகள் கிடக்கின்றன. ‘இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்று மனைவி கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் கேள்வி இதுதான். அந்த மனிதர்களுக்கு ஏன் அப்படி ஓர் ஆசை வந்தது? வெறும் அறிவுப் பேராசையா? தோற்றுப்போனவர்களை இன்று நாம் எதற்காகப் படிக்க வேண்டும்?

அன்புடன்,
செ.

*

அன்புள்ள செ.,

அந்த வரியை எழுதியபோது ஏதோ சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டதாக நினைத்தேன். உங்கள் கடிதத்தில் மேற்கோளாகப் பார்க்கும்போது கூச்சமாக இருக்கிறது. ஒருவருடைய ஆயுளை ஒரு வரியில் கிண்டலாக மடித்து வைப்பது எழுதுகிறவனுக்குச் சுலபம். அந்தக் கடனையும் சேர்த்து இங்கே தீர்க்கப் பார்க்கிறேன்.

‘பேராசை’ என்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்கலாம். பேராசைக்காரனுக்கு ஒரு வீடு வேண்டும், அலமாரி வேண்டும், சேர்த்ததைப் பூட்ட ஒரு சாவி வேண்டும். கொமேனியஸுக்கு இதில் ஒன்றுகூட நிலைக்கவில்லை.

செக் மொழியில் அவர் பெயர் யான் அமோஸ் கொமென்ஸ்கி. 1592இல், இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்தவர். பன்னிரண்டு வயது வாக்கில் தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ‘சகோதரர் ஐக்கியம்’ என்ற சின்னச் சபைதான் அவரைப் படிக்க வைத்தது. லூதருக்கு முன்பே ரோமன் கத்தோலிக்கச் சபையை விட்டுப் பிரிந்த சபை அது. ஜெர்மனியில் ஹெர்போர்ன் என்ற ஊரில் ஆல்ஸ்டெட்டிடம் படித்தார். நீங்கள் குறிப்பிட்ட அதே ஆல்ஸ்டெட். பின்னால் 1630இல் ஏழு பாகங்களில் தனியாளாக ஒரு கலைக்களஞ்சியத்தை எழுதி முடித்தவர். ஆல்ஸ்டெடியுஸ் என்ற அவருடைய லத்தீன் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் ‘செடுலிடாஸ்’ என்று வரும். விடாமுயற்சி என்று அர்த்தம். பெயர் ராசி என்று நம்மூரில் சொல்வார்களே, அது.

பிறகு ஹைடல்பெர்க். அங்கே 1614 ஜனவரியில், மாணவனாக இருந்த கொமேனியஸ் ஒரு பழைய கைப்பிரதியை விலைக்கு வாங்கினார். கோப்பர்னிக்கஸ் தன் கையால் எழுதிய மூலப்பிரதி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன புத்தகத்தின் அசல் அவர் கையில் இருந்தது. ஆனால் அது சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. எல்லா அறிவையும் இசைவாக்கப் புறப்பட்டவரின் மூட்டைக்குள்ளேயே, அவருடைய ஒழுங்கில் அடங்காத ஒரு புத்தகம் இருந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

1618இல் ஐரோப்பாவில் கத்தோலிக்கர்களுக்கும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே முப்பதாண்டுப் போர் தொடங்கியது. 1620 நவம்பர் 8ஆம் தேதி பிராக் நகருக்கு வெளியே வெள்ளை மலை என்ற இடத்தில் நடந்த சண்டை சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பொஹீமிய சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தோற்றார்கள். ஃபுல்னெக் என்ற சிற்றூரில் போதகராக இருந்த கொமேனியஸ் தலைமறைவானார். 1622இல் மனைவியும் இரண்டு குழந்தைகளும் கொள்ளைநோயில் இறந்தார்கள். 1628இல் தன் சபையாரோடு எல்லை தாண்டிப் போலந்தின் லெஷ்னோவுக்குப் போனார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. எழுபத்தெட்டு வயதில் இறக்கும்வரை சொந்த மண்ணில் வாழக் கொடுத்துவைக்கவில்லை.

இந்த மனிதர்தான் ‘பான்சோபியா’ என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். முழு அறிவு என்று சொல்லலாம். அவருடைய வாதத்தை எளிமையாகச் சொன்னால் இப்படி: ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். ஏன்? ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுதான் இருக்கிறது. இறையியலாளனுக்கு ஒரு துண்டு, வைத்தியனுக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று. துண்டை முழுசு என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறார்கள். இயற்கை, மனித மனம், வேதம் ஆகிய மூன்றுமே கடவுள் எழுதிய புத்தகங்கள் என்றால் அவை ஒன்றோடொன்று முரண்பட முடியாது. அந்த ஒத்திசைவை எல்லோர் கண்ணிலும் படும்படி காட்டிவிட்டால் சண்டைக்கு இடம் ஏது?

‘எல்லோர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லோருக்கும், எல்லாவற்றையும், எல்லா விதத்திலும் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய மந்திரம். பெண் பிள்ளைகளுக்கு, ஏழைகளுக்கு, மந்தமானவன் என்று வாத்தியார் ஒதுக்கிய பிள்ளைக்கும் சேர்த்து. இதைப் பதினேழாம் நூற்றாண்டில் சொன்னார்.

ஆங்கிலத் தத்துவஞானி பேக்கனை இதோடு வைத்துப் பாருங்கள். வெள்ளை மலைச் சண்டை நடந்த அதே 1620இல்தான் லண்டனில் அவருடைய ‘மாபெரும் புதுப்பிப்பு’ அச்சானது. முகப்புப் படத்தில் ஒரு கப்பல் இரண்டு தூண்களுக்கு நடுவே கடலில் போகிறது. கீழே தானியேல் புத்தகத்து வசனம்: பலர் அங்குமிங்கும் செல்வார்கள், அறிவு பெருகும். பேக்கன் அப்போது இங்கிலாந்தின் லார்டு சான்சலர் என்ற உயர் பதவியில் இருந்தவர். கப்பலைக் கரையிலிருந்து பார்க்கிறவர். கொமேனியஸ் அவரை ஆசையாகப் படித்தார். இயற்கையின் சாவியைக் கொடுத்தார், ஆனால் பூட்டைத் திறந்து காட்டவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அகதிக்குப் பூட்டு திறந்தாக வேண்டும். அவசரம் அவனுக்குத்தான்.

ஆக, பேராசை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வீடு இடிந்தவர்கள் வீட்டுப் படம் வரைந்ததுபோல என்றுதான் தோன்றுகிறது. கொமேனியஸ் மட்டுமில்லை. ஆல்ஸ்டெட்டும் போரால் ஹெர்போர்னை விட்டுத் திரான்சில்வேனியாவுக்குப் போய் அங்கேயே 1638இல் இறந்தார். அடுத்து நான் சொல்லப்போகிறவரும் போரால் ஊர்விட்டு ஊர் வந்தவர்தான்.

சாமுவேல் ஹார்ட்லிப். உங்கள் பட்டியலில் இவர் பெயர் இல்லை. இருந்திருக்க வேண்டும். பால்டிக் கடலோரத்து எல்பிங் நகரத்து வணிகர் மகன். 1628இல் லண்டனில் குடியேறினார். பெரிய புத்தகம் எதுவும் எழுதவில்லை. கடிதம் எழுதினார், வந்த கடிதங்களை நகலெடுத்தார், யாருக்கு எது உதவும் என்று பார்த்து அனுப்பினார். மண்ணுக்கு எரு போடும் முறை, பட்டுப்பூச்சி வளர்ப்பு, மை செய்யும் பக்குவம், வேதியியல், பள்ளிச் சீர்திருத்தம் என்று எதையும் விடவில்லை. 1655இல் தேனீ வளர்ப்பைப் பற்றி ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் மூன்றடுக்குத் தேன்கூட்டுப் பெட்டி ஒன்றின் படம் இருக்கிறது. வரைந்து அனுப்பிய இளைஞர் கிறிஸ்டோபர் ரென். பிற்காலத்தில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென். கல்வி பற்றிக் கவிஞர் மில்டன் 1644இல் எழுதிய சிறுநூல் ஹார்ட்லிப்புக்கு எழுதிய கடிதமாகத்தான் தொடங்குகிறது. (கொமேனியஸின் பாடநூல்களைத் தேடிப் படிக்கும் உத்தேசம் தனக்கில்லை என்று மில்டன் அதில் ஓர் இடி இடிப்பார். ஹார்ட்லிப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.)

இந்த ஹார்ட்லிப்தான் கொமேனியஸ் தனிப்பட அனுப்பி வைத்த பான்சோபியா முன்வரைவை, அவரைக் கேட்காமலே 1637இல் ஆக்ஸ்போர்டில் அச்சுக்குக் கொடுத்துவிட்டார். நம்மூரில் இன்று பாதி எழுதிய கட்டுரையை நண்பரின் வாட்ஸப்புக்கு அனுப்பினால் நடப்பதுதான். கொமேனியஸ் சங்கடப்பட்டார். ஆனால் ஐரோப்பா முழுக்க அவர் பெயர் பரவியதும் அதனால்தான். 1641 செப்டம்பரில் லண்டனுக்கு அழைக்கப்பட்டு வந்து இறங்கினார். எல்லா நாட்டு அறிஞர்களும் கூடி வேலை செய்ய ஒரு கல்லூரி அமைப்பது பற்றிப் பேச்சு நடந்தது. இடமும் வருமானமும்கூட யோசித்தார்கள். அடுத்த மாதமே அயர்லாந்தில் கிளர்ச்சி. 1642இல் இங்கிலாந்தே உள்நாட்டுப் போருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஜூன் மாதம் மூட்டையைக் கட்டினார். போரை நிறுத்தும் மருந்தோடு வந்தவரைப் போரே வெளியே தள்ளியது.

போகிற வழியில் ஹாலந்தில் பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த்தைப் பார்த்தார். இரண்டு பேரும் நான்கு மணி நேரம் பேசினார்கள். கொமேனியஸ் பின்னால் எழுதிய நினைவின்படி, தெகார்த் விடைபெறும்போது சொன்னதன் சாரம் இது: நான் தத்துவத்தைத் தாண்டிப் போகமாட்டேன், உங்களிடம் முழுமையாக இருப்பதில் என்னிடம் இருப்பது ஒரு பகுதிதான். மரியாதையான வாக்கியம். நிதானமாகப் படித்தால் கதவு சாத்தும் சத்தமும் கேட்கிறது. வருங்காலம் தெகார்த் பக்கம் போனது நமக்குத் தெரியும். ஒரு பகுதியை எடுத்துக்கொள், அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவு, மிச்சத்தை விடு. உங்களுக்கு ‘ஒரு துறையில் இறங்குங்கள்’ என்று புத்தி சொல்கிறவர்களின் மூதாதை அவர்.

இப்போது வில்கின்ஸுக்கு வருகிறேன். எனக்குக் கொமேனியஸ் மேல் பிரியம். வில்கின்ஸ் மேல் ஆச்சரியம் மட்டும்தான். இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர், பாதிரியார், முடியாட்சியை வீழ்த்திய கிராம்வெல்லின் சகோதரியை மணந்தவர், முடியாட்சி திரும்பிய பிறகு பிஷப்பும் ஆனவர். எந்தக் காற்றிலும் கவிழாத படகு. 1668இல் அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு பெரும் புத்தகம் வெளியிட்டார். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளையும் எண்ணத்தையும் நாற்பது பெரும் இனங்களாகப் பிரித்து, அவற்றை உட்பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. எழுத்துகளைச் சேர்த்தால் சொல். சொல்லைக் கேட்டதுமே அந்தப் பொருள் உலக ஒழுங்கில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ‘ஸி’ என்றால் மிருகம். ‘ஸிட்’ என்றால் அதில் நாயினம். ‘ஸிட்டா’ என்றால் நாய். அகராதி தேவையில்லை, சொல்லே விளக்கம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் புத்தகம் பாதி அச்சானபோது 1666 லண்டன் பெருந்தீயில் அச்சுத் தாள்களும், எழுதி வைத்ததில் பெரும்பகுதியும் எரிந்துபோயின. மனிதர் மறுபடி உட்கார்ந்து எழுதினார். நோவாவின் பேழையில் எல்லா மிருகமும் கொள்ளுமா என்ற கணக்குக்கூட அதில் உண்டு, படத்தோடு. ஊனுண்ணிகளுக்கு நாளைக்கு ஐந்து ஆடு வேண்டும், வருடத்துக்கு 1,825 ஆடு என்று கணக்குப் போட்டு, அவற்றுக்குப் பேழையில் இடமும் ஒதுக்கியிருக்கிறார். நம்மூர்க் கல்யாணச் சமையல்காரர் கெட்டார் போங்கள்.

ஆனால் இரண்டு இடத்தில் இடித்தது. தாவரங்களை வகைப்படுத்தித் தரும்படி ஜான் ரே என்ற தாவரவியலாளரைக் கேட்டிருந்தார் வில்கின்ஸ். ஒவ்வொரு உட்பிரிவிலும் ஏறக்குறைய ஒன்பது இனம் அமைய வேண்டும், அப்போதுதான் எழுத்துக் கணக்கு சரியாக வரும். செடிகள் ஒன்பது ஒன்பதாக முளைப்பதில்லையே. ரே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, 1669இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் புலம்பியிருக்கிறார். இயற்கை காட்டிய வழியில் போகாமல் ஆசிரியர் போட்ட திட்டத்துக்குச் செடிகளை வளைக்க வேண்டியதாயிற்று என்று. அந்த மனக்குறையோடு போனவர்தான் பின்னால் தாவர வகைப்பாட்டியலுக்கு அஸ்திவாரம் போட்டார்.

இரண்டாவது இடம் இன்னும் வேடிக்கை. ஒழுங்கான மொழியில் பக்கத்துப் பக்கத்துப் பொருளுக்குப் பக்கத்துப் பக்கத்துச் சொல். ஓர் எழுத்து பிசகினால் துலிப் பூ பார்லியாகிவிடும். புத்தகத்துக்குள்ளேயே அந்தப் பிழை நேர்ந்திருக்கிறது. தமிழில் ‘நாய் குலைத்தது’ என்று தப்பாக அச்சானாலும் நாய் நாயாகவே இருக்கும், நமக்குப் புரியும். வில்கின்ஸின் மொழியில் பிழைகூட ஒழுங்கான இன்னொரு பொருளைக் காட்டும், ஆகவே பிழை என்றே தெரியாது. பிழை பொறுக்காத மொழியைப் பிழை திருத்தவும் முடியாது. மெய்ப்பு பார்த்து வயிறு வளர்த்தவன் என்ற முறையில் எனக்கு இது வயிற்றைக் கலக்கும் செய்தி.

என் சொந்தக் கதை ஒன்று. இருபத்தைந்து வயதில் நானும் அட்டைகளில் குறிப்பெடுத்துச் செருப்பு டப்பாக்களில் அடுக்கி வைத்தேன். தலைப்புகள் போட்டேன்: மரம், உணவு, வழிபாடு, எழுத்து, தொழில், இப்படி. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, பனை வரும்வரை. பனை மர டப்பாவில்தானே இருக்க வேண்டும்? ஆனால் ஓலைச்சுவடி எழுத்து டப்பாவில் இருந்தது. பதநீரும் கருப்பட்டியும் உணவில். தொழிலில் ஏறுகிற ஆளின் தளைநார். வழிபாட்டில் பனையடிச் சாமி. ஒரே மரத்தை ஐந்தாக வெட்டி ஐந்து டப்பாவில் போட்டிருந்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, தலைப்புகளைக் கிழித்துப் போட்டேன். அட்டைகள் இன்னும் இருக்கின்றன.

அதனால்தான் ஹார்ட்லிப் வட்டத்தில் பேசப்பட்ட ஒரு பெட்டி என்னை மிகவும் கவர்ந்தது. தாமஸ் ஹாரிசன் என்பவர் 1640களில் வடிவமைத்த ‘படிப்புப் பேழை’. ஆளுயர அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தால் உள்ளே வரிசை வரிசையாகச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தலைப்பு, மூவாயிரத்துக்கும் மேலே. தகட்டுக்குப் பின்னால் கொக்கி. படித்ததைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொக்கியில் குத்திவிட வேண்டியது. மளிகைக் கடையில் பில்லைக் கம்பியில் குத்துவதுபோல. புதுத் தலைப்புக்கென்று வெறும் இடங்களும் விட்டிருந்தார்கள். தேவைப்பட்டால் சீட்டை எடுத்து வேறு கொக்கியில் மாட்டலாம், நாலு பேர் சேர்ந்தும் நிரப்பலாம். வில்கின்ஸின் அட்டவணையில் உலகம் முடிந்துவிட்டது. இந்தப் பெட்டியில் முடியவில்லை. ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் பிற்காலத்தில் இப்படி ஒரு பெட்டியை வாங்கி வைத்திருந்தார் என்பார்கள். அவர் ஹானோவரில் விட்டுப்போன காகிதங்கள் இரண்டு லட்சம் பக்கத்தைத் தொடும். இறந்தது 1716இல். பதிப்பு வேலை இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. பெட்டி என்ன செய்யும் பாவம்.

லைப்னிட்ஸைப் பற்றி நீங்களே நிறையப் படித்திருப்பீர்கள், ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். எண்ணங்களுக்கெல்லாம் குறியீடு கண்டுபிடித்துவிட்டால், கருத்து மாறுபடும் இருவர் கத்திக்கொண்டிருக்க வேண்டாம், உட்கார்ந்து ‘வா, கணக்குப் போடுவோம்’ என்று சொல்லலாம் என்பது அவர் கனவு. கணினியின் முன்னோடி என்று இதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் கேட்பது முப்பதாண்டுப் போர் முடிய இரண்டு வருடம் இருக்கையில் பிறந்த ஒரு லைப்ஸிக் பையனின் குரல். பிரிந்த சபைகளை ஒன்றாக்கவும் அவர் ஆயுள் முழுக்கக் கடிதம் எழுதியவர். கொமேனியஸ் இறந்தபோது லத்தீனில் ஓர் அஞ்சலிக் கவிதையும் எழுதினார். உன் செயலையும் நம்பிக்கையையும் ஆசைகளையும்கூட நல்லவர்கள் போற்றும் காலம் வரும் என்று. ஆசைகளையும்கூட என்கிறாரே, அது எனக்குப் பிடித்த இடம்.

கொமேனியஸை நான் புனிதராக்கிவிட்டேனோ என்று சந்தேகம் வருகிறது. சமன் செய்துவிடுகிறேன். போலந்தின் மேல் படையெடுத்த ஸ்வீடன் அரசனைப் புகழ்ந்து 1655இல் ஓர் உரை எழுதினார். சொந்த நாட்டு விடுதலைக்கு அவன் உதவுவான் என்ற நப்பாசை. இருக்க இடம் கொடுத்ததே போலந்து. மறுவருடம் ஏப்ரலில் போலந்துப் படையினர் லெஷ்னோவைக் கொளுத்தியபோது அவர் வீடும் போனது. பான்சோபியாக் கைப்பிரதிகளில் பலவும், நாற்பது வருடத்துக்கு மேல் தொகுத்த செக்-லத்தீன் அகராதியும் சாம்பல். அத்தோடு விட்டாரா? 1657இல் சில ‘தீர்க்கதரிசி’களின் அருள்வாக்குகளைத் தொகுத்து வெளியிட்டார், ஹாப்ஸ்பர்க் அரசகுலம் வீழும், போப்பாட்சி வீழும் என்று. பிரெஞ்சுத் தத்துவஞானி பியேர் பேல் தன் அகராதியில் அவரை இதற்காகவே காய்ச்சி எடுத்தார். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோக்கத் துடிப்பவனுக்குக் குறிசொல்கிறவன் வாக்கும் ஒரு மணியாகத் தெரிந்துவிடுகிறது. குறிப்பெடுக்கிறவர்கள் எல்லோரும் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், நீங்களும் நானும் உட்பட.

அந்தப் படப்புத்தகத்துக்கு வருகிறேன். லெஷ்னோ எரிந்து இரண்டு வருடம் கழித்து, 1658இல் நியூரம்பெர்கில் அச்சானது. ‘படங்களில் உலகம்’. நூற்றைம்பது பாடம். பாடத்துக்கு ஒரு மரச்செதுக்குப் படம், படத்திலுள்ள பொருளுக்கெல்லாம் எண், கீழே அதே எண்ணோடு லத்தீனிலும் ஜெர்மனிலும் வாக்கியம். ஆசிரியர் பையனை அழைக்கிறார்: வா தம்பி, அறிவுடையவனாக இருக்கக் கற்றுக்கொள். அறிவுடையவன் என்றால் என்ன என்று பையன் கேட்கிறான். தேவையானதையெல்லாம் சரியாகப் புரிந்துகொள்வது, சரியாகச் செய்வது, சரியாகச் சொல்வது என்கிறார். உடனே எழுத்துப் பாடம். முதல் எழுத்து ‘அ’ ஒலி. அதற்குப் படம் காக்கை! காக்கை ‘ஆ ஆ’ என்று கரைகிறது. அடுத்து ஆட்டுக்குட்டி ‘பே’ என்கிறது. ஐரோப்பாவில் ஒரு குழந்தை உலக அறிவுக்குள் காக்கையைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பிறகு கடவுள், உலகம், நெருப்பு, காற்று, செடி, மாடு, தச்சன், ரொட்டிக்காரன், அச்சகம், போர் என்று போகிறது. ஆன்மா என்று ஒரு பாடம் வருகிறது. ஆன்மாவை எப்படிப் படம் போடுவது? விரித்துத் தொங்கவிட்ட துணியில் ஒரு மனித உருவம். கோடு இல்லை, முழுக்கப் புள்ளி. புள்ளிகளாலான வெறும் வெளிவடிவம். நான் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், இன்றும் அந்தப் பக்கம் வந்தால் கை நின்றுவிடும். கோலம் போடுகிறவள் புள்ளி வைத்துவிட்டு இழைக்காமல் எழுந்து போனதுபோல.

என் பழைய வரி எங்கே தப்பு என்று இப்போது தெரிந்திருக்கும். பெரிய கனவு உடைந்து படப்புத்தகம் மிஞ்சியது என்று எழுதினேன். படப்புத்தகமேதான் அந்தப் பெரிய கனவு, ஒரு குழந்தையின் கைக்கு ஏற்ற அளவில். எல்லாவற்றையும் எல்லோருக்கும் என்றவர், நூற்றைம்பது படத்தில் அதைக் கொடுத்தும்விட்டார். ஐரோப்பாவில் இரண்டு நூற்றாண்டுக்கு அது புழங்கியது.

பெரிய புத்தகமும் சாகவில்லை, அது வேறு கதை. ‘மனித காரியங்களைத் திருத்துவது பற்றிய பொது ஆலோசனை’ என்று ஏழு பாகமாக அவர் எழுதிக்கொண்டே இருந்தார். 1670 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் இறந்தபோது முடியவில்லை. மகனிடமும் உதவியாளரிடமும் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். கைப்பிரதியின் பெரும்பகுதி கண்ணில் படாமல் மறைந்தது. 1934இல் டிமித்ரோ சிஜெவ்ஸ்கி என்ற உக்ரைனிய அறிஞர் அதைக் கண்டெடுத்தார். எங்கே தெரியுமா? ஜெர்மனியின் ஹாலே நகரத்தில், பிராங்கே என்ற போதகர் நிறுவிய அநாதை இல்லத்தின் காப்பகத்தில். 1966இல் பிராகில் முழுதாக அச்சானது. ஆசிரியர் இறந்து 296 வருடம் கழித்து.

ஹாலே என்றதும் உங்களுக்கு ஏதாவது தட்டுப்பட்டதா? ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்குப் பின்னால் நின்ற அதே ஹாலே. 1706இல் தரங்கம்பாடியில் அவர் வந்து இறங்கிய பிறகு, தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயிலிருந்துதான் கப்பலேறி வந்தன. இங்கிருந்து ஓலைச்சுவடிகள் அங்கே போயின. இன்றும் அந்தக் காப்பகத்தில் தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன. ஆக, கொமேனியஸின் முடியாத புத்தகமும் தஞ்சைப் பக்கத்துப் பனையோலைகளும் ஒரே காப்பகத்தில் ஒன்றையொன்று அறியாமல் இருநூறு வருடத்துக்கு மேல் கிடந்திருக்கின்றன. தலைப்பு எழுதப்படாத எத்தனை டப்பாக்கள்!

ஹார்ட்லிப்பின் காகிதங்களும் அப்படித்தான். முடியாட்சி திரும்பியதும் அவருக்குப் பாராளுமன்றம் தந்த ஓய்வூதியம் நின்றது, 1662இல் கஷ்டத்தில் இறந்தார். இருபத்தையாயிரம் தாளுக்கு மேற்பட்ட அவருடைய கட்டு, 1933இல் லண்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அகப்பட்டது. இப்போது ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்தத் தாள்களில் பல யாரோ கேட்டு யாருக்கோ போனவை. ராபர்ட் பாயில், ரென், வில்லியம் பெட்டி என்று ராயல் சொசைட்டியின் தொடக்க கால ஆட்கள் பலர் அந்தக் கடிதப் போக்குவரத்தில் வளர்ந்தவர்கள்.

உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்டது உங்கள் கேள்வியைவிட நல்ல கேள்வி. ஒன்பதாயிரம் குறிப்பையும் வகைப்படுத்தி முடித்துவிட்டு அப்புறம் ஏதாவது செய்யலாம் என்று இருந்தால் வில்கின்ஸ் கதைதான், ஒன்பது ஒன்பதாகச் செடியை வளைக்க வேண்டியிருக்கும். ஒரு துறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்லத் தெகார்த் முதல் உங்கள் மேலதிகாரி வரை ஆள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வழி ஹார்ட்லிப்பினுடையது. எந்தக் குறிப்பு யாருக்கு வேண்டும் என்று பார்த்து அனுப்பிவிடுவது.

என்னிலிருந்தே தொடங்கலாம். சோழர் காலத்து ஏரிகளைப் பற்றிக் குறிப்பு வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். ஏரியிலிருந்து நீரைத் திறந்துவிடும் குமிழித்தூம்பு பற்றி ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சேறு வெளியேறும் துளையும் நீர் இறங்கும் துளையும் எப்படித் தனித்தனியாக வேலை செய்கின்றன என்ற இடத்தில் இரண்டு வாரமாக நிற்கிறேன். அதைப் பற்றி ஏதாவது இருந்தால் அப்படியே அனுப்பிவையுங்கள். திருத்தி அழகுபடுத்த வேண்டாம், தலைப்பும் வேண்டாம்.